பார்க்கப் போனவள்

லாக்டோமீட்டரைப் பால் குடுவைக்குள் விட்டால், அது ஆடி ஓய்கிற வரை பாரதி யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கேனை நீட்டியவர் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தாலும் சரி, பெற்ற அப்பாவாக இருந்தாலும் சரி. குனிந்து கோட்டைப் படிப்பாள், எண்ணைச் சொல்வாள். எண் குறைந்தால், "மாட்டுக்குக் காட்டுற தண்ணியப் பாலுக்குக் காட்டாதீங்கண்ணா" என்பதோடு சரி. இண்டூரில் ஒரு தனியார் பால் சென்டரில் ஆறு வருஷமாக இதுதான் அவள் வேலை. வயது இருபத்தேழு.

நான்கு மாதமாக வரிசையில் நிற்பவர்கள் பாலோடு ஒரு கேள்வியையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். "எப்ப கண்ணு திரும்பப் போவுற?" அவளுடைய பதிலில் ஒரு சொல் மாறுவதில்லை. "வேலைக்கிப் போவலைங்க. பாக்கப் போனேன். பாத்தேன். வந்துட்டேன்." கேட்டவர் தலையாட்டிக்கொண்டு நகர்ந்து, பின்னால் நிற்பவரிடம் உதட்டைப் பிதுக்குவார். பாரதிக்கு அது தெரியும். கோபம் ஏற ஏற அவளுக்கு மரியாதை கூடும். கடைசி ஆள் வரும்போது பேச்சில் "ங்க" மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

போனது இங்கிலாந்துக்கு. சம்பளத்தில் சேர்த்த பணத்தில், தனியாக, முதுகில் ஒரு பையோடு, பன்னிரண்டு நாள். ஏன் இங்கிலாந்து என்று கேட்டால், "பாக்கணும்னு தோணுச்சு" என்பாள். எட்டுப் பேர் படுக்கும் விடுதி அறையில் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் தூங்கினாள். விட்பி என்ற ஊரில் கடலைப் பார்த்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தாள். வடக்கே ரோமானியர்கள் கட்டிய எல்லைச் சுவரை ஒட்டி மழையில் இரண்டு நாள் நடந்தாள். வழியில் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர் மாடு ஓட்டிக்கொண்டு போக, பாலில் கொழுப்பு எவ்வளவு என்று கேட்டிருக்கிறாள். நாலு புள்ளி இரண்டு என்றாராம். பிறகு இருவரும் கால் மணி நேரம் மடிநோயைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

"சிமெண்டே இல்லைங்கண்ணா. வயக்காட்டுச் செவுரெல்லாம் கல்லு மேல கல்லு வெச்சே கட்டியிருக்காங்க. மல மேல ஏறி அந்தப் பக்கம் எறங்குது, ஒரு கல்லு நவுரல" என்று பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் சொன்னபோது அவள் கை காற்றில் கல் அடுக்கியது. பால் சென்டரில் இதைச் சொன்னபோது ஒருவர், "செவுரப் பாக்கவா அவ்ளோ தூரம் போன?" என்றாராம். அன்றோடு அவள் யாரிடமும் சுவரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு ஃப்ளெக்ஸ். எங்கள் ஊரில் யார் விமானம் ஏறினாலும் பேருந்து நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தாக வேண்டும். அவளுடைய சித்தப்பா மாதேஸ்வரன் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைக்குப் போய், பொண்ணு ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறது என்றுதான் சொன்னார். கடைக்காரர், அப்படி ஒரு மாடலே இல்லைங்க, வேலை, படிப்பு, கல்யாணம், இந்த மூன்றுதான் இருக்கிறது என்றார். சித்தப்பா யோசித்து, இருப்பதில் மரியாதையானதாக வேலையைத் தேர்ந்தெடுத்தார். லண்டன் மணிக்கூண்டுக்கு முன்னால் ஒட்டவைத்த பாரதியின் கல்லூரி அடையாள அட்டைப் படம். 'லண்டன் மாநகரில் பணியாற்றச் செல்லும் எங்கள் தங்கத் தாரகை' என்று எழுத்து. கீழே கைகூப்பியபடி பதினான்கு ஆண்கள். மான்செஸ்டர் விமான நிலையத்தில் போய் இறங்கி வரிசையில் நிற்கும்போது அவள் அதைக் கைபேசியில் பார்த்தாள். உடனே கழற்றச் சொல்லிக் குரல் பதிவு அனுப்பினாள். சித்தப்பா ஒரு கும்பிடு படத்தைப் பதிலாக அனுப்பிவைத்தார்.

பதின்மூன்றாம் நாள் காலை முதல் பேருந்தில் வந்து அந்த ஃப்ளெக்ஸுக்கு அடியிலேயே இறங்கினாள். சாயங்காலத்துக்குள் ஊர் முடிவு செய்துவிட்டது: திருப்பி அனுப்பிவிட்டார்கள். இங்கிலீஷ் வரவில்லையாம். ஏஜென்ட் ஏமாற்றிவிட்டானாம். ரத்தப் பரிசோதனையில் ஏதோ வந்ததாம். நானும் யோக்கியன் இல்லை. காம்பவுண்டு சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, "ஏம்மா, குளிர் ஒத்துக்கலையா?" என்று இரக்கக் குரலில் கேட்டவன் நான். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஒகேனக்கல்லுக்கு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பரிசலில் ஏற்றுகிறோம், மீன் வறுத்துப் போடுகிறோம், எண்ணெய் தேய்த்துவிடுகிறோம். எவரையாவது பிடித்து, உன்னை எந்த வேலையிலிருந்து துரத்தினார்கள் என்று கேட்டிருக்கிறோமா? அருவி பார்க்க வருகிறவர்களை வைத்து எத்தனையோ குடும்பங்கள் சாப்பிடுகிற மாவட்டம் இது. இங்கிருந்து ஒருத்தி ஊர் பார்க்கப் போனாள் என்றால் மட்டும் நமக்குத் தொண்டையில் இறங்கமாட்டேன் என்கிறது. போனவள் பெண் என்பதும், கூட யாரும் போகவில்லை என்பதும்தான் காரணமென்றால் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போகலாமே. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் அப்பா நஞ்சப்பன் தக்காளி போடுகிறவர், இரண்டு மாடு வைத்திருப்பவர், அதிர்ந்து பேசாதவர். மகளைத் துரத்திவிட்டார்கள் என்ற பேச்சு அவரைச் சோறு தின்னவிடவில்லை. உண்மையைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. ஒருநாள் யாரிடமோ, "லீவுல வந்திருக்குதுங்க" என்றார். அது உடனே நம்பப்பட்டது. அவருக்கே ஆச்சரியம். பிறகு எல்லோரிடமும் அதையே சொன்னார். அந்தப் பொய் பாப்பாரப்பட்டி வரை நடந்துபோய், ஒரு வரனையும் கூட்டிக்கொண்டு வந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் பையன். கட்டிக்கொண்டால் மனைவியோடு லண்டன் போய்விடலாம் என்ற கணக்கு.

பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், ஒரே ஒரு நாளைக்கு லீவு என்றே சொல்லிவிடு கண்ணு என்று நஞ்சப்பன் மகளிடம் கெஞ்சினார். அது சுவர் தாண்டி எனக்குக் கேட்டது. அவள் பதிலும் கேட்டது.

"நான் பொறந்ததுல இருந்து எனக்குன்னு செஞ்சது அது ஒண்ணுதான். அதயும் பொய்யாக்கச் சொல்றீங்க."

அப்பாவை அவள் எப்போதும் "நீ" என்றுதான் பேசுவாள்.

பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் என்னையும் கூடத்தில் உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் சவுதியில் எட்டு வருஷம் வண்டி ஓட்டியவர். வெளிநாட்டு விவகாரம் என்றால் அவர்கள் வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். பாரதி தன் அம்மா சுகுணா போட்ட போண்டாவைக் கொண்டுவந்து வைத்தாள். லீவு எத்தனை நாள் என்று தாய்மாமன் கேட்டார். லீவு இல்லைங்க, வேலை இங்கே பால் சென்டரில்தாங்க, சுற்றிப் பார்க்கப் போய்விட்டு வந்தேங்க என்று நிதானமாகச் சொன்னாள். மாப்பிள்ளை கைபேசிக்குள் குனிந்துகொண்டான்.

தாய்மாமன் அவளைப் பார்க்கவே இல்லை. நஞ்சப்பனிடம், "பாஸ்போர்ட்டக் கொண்டாங்க. பாத்தாத் தெரிஞ்சுடும்" என்றார். நஞ்சப்பன் போய் பீரோவைத் திறந்து எடுத்துவந்து கொடுத்தார். என்னால் நம்ப முடியவில்லை. பாரதியும் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போண்டா எண்ணெய் விரலோடு அவர் பக்கங்களைப் புரட்டினார். புரட்டி, முன்னால் போய், மறுபடி பின்னால் வந்தார். "உள்ள போனதுக்கு முத்திர இருக்குது. அந்த ஊர வுட்டு வெளிய வந்ததுக்கு முத்திரயே காணோம். தொரத்தி வுட்டாத்தான் இப்பிடி."

அங்கே வெளியே வரும்போது முத்திரை குத்துவதே இல்லைங்க என்றாள் பாரதி. அவர் எனக்கேவா என்பது போலச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, பெரிய மனது பண்ணுகிறவர் போல நஞ்சப்பனிடம் சொன்னார்: "நெறையப் பேருக்கு நடக்குறதுதான், பரவால்ல. புள்ள அங்க என்ன தப்புப் பண்ணுச்சுன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா, மேக்கொண்டு பேசலாம்."

பாரதி இரண்டு எட்டு வைத்து வந்து, அவர் கையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள். குனிந்து, அவர் முன்னால் இருந்த போண்டாத் தட்டையும், இன்னும் இரண்டு போண்டா அதில் மீதி இருக்க, எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தாய்மாமன் என்ன இது என்பது போல நஞ்சப்பனைப் பார்த்தார். நஞ்சப்பன் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் கையை நீட்டி, தாய்மாமன் வாய்க்குக் கொண்டுபோன காபி டம்ளரை, பாதி காபி அதில் இருக்கும்போதே வாங்கிக்கொண்டு, மகள் போன வழியிலேயே சமையலறைக்குப் போனார்.