அம்மா கொட்டிய ஐஸ்கிரீம்

ஒன்பது வயதில் நான் அம்மாவோடு பதினோரு நாள் பேசாமல் இருந்தேன். பசித்தால் தட்டைத் தரையில் தட்டுவேன், அவ்வளவுதான். அத்தனை கோபமும் ஒரு சட்டி ஐஸ்கிரீமுக்காக.

அம்மாவின் தம்பி, என் மாமா, கோவாவில் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் வேலை பார்த்தார். முழுப்பரீட்சை லீவில் கொல்லிமலையில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், கடையில் விற்பதெல்லாம் ஐஸ்கிரீமே இல்லை, நிஜமானதை நான் காட்டுகிறேன் என்றார். மாமா தோசை சுட்டாலும் நாலு பேர் கூடி நின்று பார்க்க வேண்டும். அடிவாரத்தில் பேளுக்குறிச்சிக்குப் போய், ஐஸ் பாரை மரத்தூள் மூட்டையில் கட்டி பைக்கில் மலையேற்றிக் கொண்டுவந்தார். அம்மா நூறுநாள் வேலைக்குப் போயிருந்தாள். அப்பா களத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கோழிகள் இட்டதில் பத்து முட்டைகளை உடைத்து, மஞ்சள் கருவை மட்டும் எடுத்துச் சர்க்கரையோடு அடித்தோம். சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அடுப்பைத் தணித்துக் கிண்டும் வேலை எனக்கு. கொதித்தால் திரிந்துவிடுமாம், கையை எடுக்கவே கூடாதாம். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. கரண்டியின் முதுகில் படிந்ததில் விரலால் இழுத்த கோடு அழியாமல் நிற்க வேண்டும் என்றார் மாமா. நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆறியதும் பையிலிருந்து ஒரு பழுப்பு பாட்டிலை எடுத்தார். ஏதோ வெளிநாட்டுக் கொட்டையை ஊறவைத்துச் செய்த இனிப்பு மது அது. என்னிடம் எசன்ஸ் என்றுதான் சொன்னார். வறுத்த முந்திரியும் வெல்லப்பாகும் கலந்த மாதிரி வாசம். இரண்டு மூடி என்று ஆரம்பித்தது அரை டம்ளருக்குப் போனது.

"இது விழுந்தாத்தான் கண்ணு, கல்லாட்டம் இறுகாது" என்றார்.

உடைத்த ஐஸிலும் கல்லுப்பிலும் சட்டியைப் புதைத்து, இருவரும் மாறிமாறிச் சுற்றினோம். கெட்டியாகிவிட்டது. கிண்ணத்தில் எடுக்கப்போகும்போது அம்மா வந்தாள். வாசற்படியிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள். நேராக வந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏன்டா, தெரிஞ்சேதான் இந்த ஊட்டுக்குள்ள கொண்டாந்தியா?"

"வாசத்துக்குத்தான்க்கா. இதுலயா போதை ஏறப்போவுது?"

அம்மா சட்டியைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் காப்பிச் செடியின் தூரில் கவிழ்த்தாள். பாட்டிலையும் கவிழ்த்தாள். நான் கத்திக்கொண்டே ஓடி அவள் முதுகில் குத்தினேன். திரும்பி என்னை ஓர் அடிகூட அடிக்கவில்லை. அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை ஒரு டம்ளரில் வழித்துக்கொண்டு நியாயம் கேட்க அப்பாவிடம் போனேன்.

"அம்மா எல்லாத்தையும் கொட்டிருச்சு. நீங்களாச்சும் தின்னு பாருங்கப்பா."

அப்பா டம்ளரை வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே இருந்தார். இரண்டு கையாலும் டம்ளரை இறுக்கிப் பிடித்திருந்தார். ஐஸ்கிரீம் உருகி விரல்களில் வழிந்தது.

"நீயே கிண்டுனியா சாமி?"

ஆமாம் என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். செருப்புக்கூடப் போடாமல் பலாமரங்களுக்குள் விறுவிறுவென்று போனார். பொழுது சாயும்போதுதான் திரும்பி வந்தார். நான் அந்த டம்ளரை எட்டி உதைத்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு மாமாவை அம்மா அனுப்பிவிட்டாள். நான் அழுதுகொண்டே ரோடு வரைக்கும் போய்க் கையாட்டினேன். உலகத்திலேயே நல்லவர் அவர்தான் என்று தோன்றியது.

இப்போது அந்தக் கோபமெல்லாம் அவர் பக்கம் திரும்பிவிட்டது. அப்பா குடியை விட்டு அன்றைக்கு நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்தபோது கூடப்போனதே மாமாதான். அவருக்குத் தெரியும். ஒவ்வொரு நாளையும் பயந்து பயந்து கழித்த அம்மாவுக்குத் தெரியும். என்னிடம் அப்பாவுக்கு வயிற்றுவலி என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். நான் கிண்டியதை அப்பா ஒரு வாய்கூடத் தின்னவில்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.