மருமகளைக் குறிவைத்து ஒரு ஜெபம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆந்திர எல்லையில் உள்ள நகரியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். அப்போது எங்கள் சபையின் செயலாளராகவும் இருந்தேன்.

என் மருமகள் ஆரி எம்பிராய்டரி வேலையில் கெட்டிக்காரி. கல்யாண ரவிக்கையில் ஜரிகையும் மணியும் வைத்து அவள் ஊசி போட்டால், ரவிக்கைக் கையில் மயிலே வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும். எல்லாம் வீட்டிலிருந்தபடியேதான். திருப்பதியில் பட்டுப் புடவைக் கடை வைத்திருந்த ஒருவர் அவளைக் கூப்பிட்டார். கடை மாடியில் இடம் தருகிறேன், இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு நீயே ஆர்டர் எடுத்து நடத்து என்றார். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ரேணிகுண்டாவில் வேலை பார்க்கும் என் மகனோ, "நைனா ஒத்துக்கினா போ" என்று அப்பாவான என் தலையில் போட்டு நழுவிவிட்டான்.

எனக்கு அதில் விருப்பமில்லை. ஆண்டவர் வீட்டிலேயே குறைவில்லாமல் கொடுக்கும்போது இன்னும் எதற்கு ஆசை? ஆனால் அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் கூடும் ஜெபக்கூட்டத்துக்காகக் காத்திருந்தேன். கண்ணை மூடி ஜெபிக்கிறவனை யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் அல்லவா?

அன்று ஒவ்வொருவரும் ஜெபக்குறிப்பு சொன்னபோது, மூன்றாம் முறையும் நானே செயலாளராக வர வேண்டும் என்று கூச்சமில்லாமல் சொன்னேன். பிறகு குரலை உயர்த்தி ஜெபித்தேன். "ஆண்டவரே, இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு உள்ளதில் திருப்தியாய் இருக்கும் மனதைத் தாரும். அதிக ஆசைக்கு அவர்களை விலக்கிக் காத்தருளும்."

வழக்கமாக எனக்கு முந்திக்கொண்டு ஆமென் சொல்லும் மனைவியிடமிருந்து சத்தமே இல்லை.

அடுத்து மருமகள் ஜெபித்தாள். "ஆண்டவரே, எங்க மாமாவுக்கு நீர் கொடுத்த பதவிக்காக ஸ்தோத்திரம். மூணாவது வாட்டியும் ஆசைப்பட்டுக்கினு இருக்காரு, ஜெயிக்க வையும். அதே மாதிரி எனக்கும் ஒரு ஆசை இருக்குது. குடுத்தது பத்தலன்னு கேக்கல. இந்தக் கையில நீர் வெச்ச வேலை மேல இருக்கிற நன்றியாலதான் கேக்கிறேன்."

"ஆமென்!" என்றது ஒரு குரல். என் மனைவி! தொடர்ந்து கூடமே ஆமென் சொன்னது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா, "பாகா செப்பினாவம்மா" என்று பாராட்டே கொடுத்துவிட்டார்.

டீ குடிக்கும்போது நண்பர் ஒருவர் விடவில்லை. "சார், இன்னிக்கு ஆண்டவருக்கு ஒரே வீட்டுல ரெண்டு மனு போயிருக்குது. எது பாஸ் ஆவும்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

எல்லோரும் போன பிறகு சமையலறைக்குப் போய், "இன்னாத்துக்கு அவ்ளோ சத்தமா ஆமென்?" என்று மனைவியைக் கேட்டேன்.

"சித்தூர்ல எனக்கு டீச்சர் வேலை வந்தப்ப நீங்க இதே ஜெபம்தான் பண்ணீங்க. அன்னிக்கு உங்க ஜெபத்துக்கு ஆமென் சொல்லிட்டேன். வேலையும் போச்சு."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"ஜெபத்துல குறுக்க பேசுவாங்களா?" என்று சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. நாற்பது ஆண்டுகளாக அவள் ஆசையற்றவள் என்று பெருமையாகச் சாட்சி சொல்லி வந்தவன் நான். அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

"ஐயே, விடுங்க கையை, பாத்திரம் கெடக்குது. காலையில அவகூட திருப்பதி போய் இடத்தைப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

மறுநாள், துணியை இழுத்துக் கட்டித் தைக்கும் அவளுடைய ஆரி மரச்சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளோடு ரயிலேறினேன். "மாமா, இடிக்கப் போவுது, குனிங்க" என்று மருமகள் வழியெல்லாம் அதட்டிக்கொண்டே வந்தாள். மாடி வெளிச்சமாக இருந்தது. அன்றே சம்மதம் சொல்லிவிட்டாள். சபைத் தேர்தலில் நான் தோற்றது தனிக் கதை.

மருமகளின் வேலை வளர வளர எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவள் காலையில் ரயிலுக்கு ஓடும்போதெல்லாம், 'போதும்' என்ற சொல்லை என் ஆசைகளுக்குச் சொல்லாமல் மனைவியின் ஆசைக்குச் சொல்லிவிட்டேனே என்று ஆண்டவரிடம் இன்றும் மெதுவான குரலில்தான் பேசுகிறேன்.