தப்புச் சத்தமில்லாத வரவேற்பு

போன ஞாயிறு எங்கள் தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்தில் பொலிசாருக்கும் இளைஞர்களுக்கும் நல்லுறவுக் கூட்டம். குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில், முழங்கால் மூக்கில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். நரைத்த தலையோடு இருக்கும் என்னை இளைஞர் கணக்கில் யார் சேர்த்தார்களோ! பக்கத்தில் வந்து நின்ற பொலிஸ்காரரின் சப்பாத்திலிருந்து பொலிஷ் வாசம் அடித்தது. எனக்கு நல்லுறவு அங்கேயே முடிந்துவிட்டது.

அதே வாசம்தான் இருபது வருசத்துக்கு முன் பொலிஸ் ஸ்டேசனிலும். செல்வத்தைக் கூட்டிவரப் போயிருந்தேன். செல்வம் எங்கள் தப்பு மேளக் கோஷ்டியின் முதல் ஆள்; அவன் அடிக்க ஆரம்பித்தால் கிழவிகளுக்கும் கால் நிற்காது. கொழும்பில் கடை வேலை. திருவிழாவுக்குப் புதுச் சட்டையும் தோள்வரை முடியுமாக வந்தவனை, பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சார்ஜன்ட் பிடித்துக்கொண்டு போனார். சட்டை திருட்டுச் சட்டையாம். மறுநாள் விட்டார்கள், வலது கை விரல்களை ஒடித்து.

"ஒன்னுமில்லடா, விழுந்துட்டேன்" என்றான், சார்ஜன்ட் காதில் விழும்படி. அந்தப் பொய்யை அவன் வாயில் திணித்தவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

அந்த வாரமே திருவிழா. பிரதம விருந்தினர் யாரென்று நினைக்கிறீர்கள்? அதே சார்ஜன்ட்! விருந்தாளியை ரோட்டிலிருந்து கோயில்வரை தப்படித்து அழைத்துவருவது எங்கள் வழக்கம். ஜீப் வந்து நின்றதும் நாங்கள் எல்லோரும் தப்பைத் தரையில் கவிழ்த்து வைத்தோம்.

"அடிங்கடா, தோட்டத்து மானம் போகுது" என்று கோயில் தலைவர் கெஞ்சினார்.

"கை வலிக்குதுங்க" என்றேன்.

"எனக்கும் வலிக்குதுங்க" என்றான் அடுத்தவன். அப்படியே எல்லோரும் சொன்னார்கள்.

லயத்து வரிசை வீடுகளின் வாசல்களில் சனம் நின்று பார்க்க, அந்த மனிதர் கோயில்வரை சத்தமில்லாமல் நடந்தார். முகம் சிவந்து போயிருந்தது. நினைத்தால் இன்றைக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது. அது போதாது என்றும் தோன்றும்.

செல்வத்தின் விரல்கள் நிமிரவே இல்லை. கொழும்புக்குப் போனவன் திருவிழாவுக்குக்கூட வருவதில்லை. அவனில்லாமல் கோஷ்டி கலைந்தது, ஆளுக்கொரு திசை. இப்போது வாடகைக்கு வரும் பாட்டுப் பெட்டிகள்தான்.

கூட்டத்தில் பேசிய புது இன்ஸ்பெக்டர் சின்ன வயசு, சிங்களவர். தமிழைப் படித்துப் பேசுகிறார். "திருவிழாவுக்கு எங்களையும் கூப்பிடுங்க. தப்பு அடிச்சுக் கூட்டிப் போவீங்களாமே?" என்று ஆசையாகக் கேட்டார்.

எழுந்து நின்றேன். "அடிக்க ஆளில்லைங்க சார். அடிச்சவன் கைய ஒங்க ஸ்டேசன்லதான் ஒடச்சாங்க."

அவர் பள்ளிக்கூடம் போன காலத்துக் கதை. அவர்மேல் பிழையில்லை என்று தெரிந்தேதான் சொன்னேன். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"யார் ஒடச்சது?" என்றார் இன்ஸ்பெக்டர். "பேர் சொல்லுங்க."

சொன்னேன். முழுப் பெயரையும் சொன்னேன். ஓய்வு பெற்று எந்த ஊரில் வீடு கட்டியிருக்கிறார், வாசலில் என்ன மரம் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.