பாலத்தில் கட்டுண்டு நிற்பவன்

அவிநாசியில் மேடைப் படியில் கால் வைத்தபோது மார்ட்டினின் அழைப்பு வந்தது. "அண்ணா, சுகந்தி அக்கா போயிட்டாங்க. கிளினிக்லயே நெஞ்சு வலிங்க. ஆசுபத்திரி போறதுக்குள்ள..." எதிரே கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. ஒலிவாங்கியை அடுத்தவரிடம் தந்துவிட்டு இறங்கினேன்.

நண்பர்களே, ஆர்.எஸ்.புரத்தில் உங்கள் முதுகையும் முழங்காலையும் நிமிர்த்திய இயன்முறை மருத்துவராகவே சுகந்தியைப் பலர் அறிவீர்கள். நானும் மார்ட்டினும் அறிந்த சுகந்தி வேறு. மார்ட்டின் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கணினிப் பணிக்கு வந்தவன். ஞாயிறு பிற்பகல்களில், அவரது மருத்துவ நிலைய மாடியில், எங்கள் இருவருக்கும் அவர் கதையாட்டம் நடத்துவார். அவர் ஓர் உலகை விரித்துரைப்பார். நாங்கள் ஆளுக்கொரு கதைமாந்தராகிப் பகடை உருட்டி, அங்கே என்ன செய்கிறோம் என்று சொல்வோம். நான் ஒரு வாள்வீரன்.

அந்த ஆட்டத்தில் ஒவ்வொருவரின் கதைமாந்தர் விவரத் தாளிலும் 'அறநிலை' என்றொரு கட்டம் உண்டு. நல்லவன், தீயவன், இடைப்பட்டவன் என்று ஆடத் தொடங்குமுன்பே நிரப்ப வேண்டும். மலைவாழ் அரக்கர் குலத்துக்கோ விதிநூலே நிரப்பி வைத்திருந்தது: பிறப்பிலேயே தீயவர்! கொதித்தெழுந்தேன். பிறப்பைக் கொண்டு மாந்தரை அளக்கும் இழிவை ஊர்தோறும் எதிர்த்து முழங்குபவன், பகடைப் பலகையில் மட்டும் அதற்குத் தலைகுனிவதா? அறநிலை விதியையே கிழித்தெறியுங்கள் என்றேன்.

"ஏனுங்க பேச்சாளரே, இங்க மைக் இல்லீங்க. பக்கத்து ஊட்டுக்காரங்க கூட்டம்னு நெனச்சு வந்துருவாங்க" என்றார் சுகந்தி. பிறகு, குலத்தைப் பற்றிய அந்த வரியைத் தாமே அடித்தார். "இது போகட்டுங்க. ஆனா உங்க தாள்ல இருக்கற கட்டம் இருக்கோணும். அதையும் எடுத்துப்போட்டா, நாம செஞ்சதை யாருங்க கேக்கறது?"

அன்றுமுதல் அக்கட்டத்தை ஆட்டத்தின் முடிவில், எங்கள் செயலைப் பார்த்து, அவரே கரிக்கோலால் நிரப்பினார். ஒருமுறை, கள்வரைத் துரத்திய என் வீரன் ஒரு மலைக்குடிலுக்குத் தீ வைத்தான். சுகந்தி அழிப்பானை எடுத்து, 'நல்லவன்' என்பதை மெல்லத் தேய்த்தார்.

"அந்தக் குடிசைக்குள்ள ஒருத்தி சோளம் இடிச்சுட்டு இருந்தாளுங்க. பேரு பொன்னி."

"அண்ணா, மேடைல ஒரு நாயம், பகடைல ஒரு நாயமுங்களா?" என்று மார்ட்டின் சிரித்தான். சுகந்தி சிரிக்கவில்லை. பின்னர் எந்தக் கதையில் நாங்கள் ஆற்றைக் கடந்தாலும் இடையில் நிறுத்துவார். "அக்கரைல பொன்னி நிக்கறா. கையெல்லாம் சோளமாவுங்க." அவ்வளவே. கதை தொடரும்.

எங்கள் கடைசி ஆட்டத்தில், அரக்கர் குலத்தான் ஒருவனை ஒரு பாலத்தில் கட்டிவைத்தோம். ஒற்றனா வழிப்போக்கனா, தெரியாது. வெட்டுவதா விடுவதா என்று கேட்டார். நான் அறத்தைப் பற்றி நெடுநேரம் முழங்கினேன். பொறுமையாகக் கேட்டவர் சொன்னார்: "பேச்சு நல்லா இருக்குதுங்க. அவன் கை இன்னும் கட்டித்தான் இருக்குது. அடுத்த வாரம் சொல்லுங்க." என் கட்டத்தை அழித்து, வெறுமையாக விட்டார். அந்த வாரத்திற்குள் அவர் மறைந்தார்.

அதன்பின் ஏறிய மேடைகளிலெல்லாம், எதிரணியினரைச் சுட்டி "அவர்கள் எல்லாருமே" என்று தொடங்கும்போது, கூட்டத்தின் பின்னே அந்தப் பாலம் எழுகிறது. கைகள் கட்டுண்ட ஒருவன் தலைநிமிர்ந்து பார்க்கிறான். அவனருகே சோளமாவு படிந்த கைகளுடன் பொன்னி. தொடங்கிய வரியை முடிக்க இயலாமல் நிற்கிறேன். அந்த இடைவெளிக்கும் மக்கள் கைதட்டுகிறார்கள்.

சென்ற ஞாயிறு நானும் மார்ட்டினும் மாடியில் அமர்ந்தோம். அவர் நாற்காலி அதே இடத்தில் இருந்தது. பாலத்தில் நின்ற கதையை மார்ட்டின் எடுத்து நடத்தினான். நான் முழங்கவில்லை. "கட்டை அவிழ்த்துவிடுகிறேன்" என்றேன்.

மார்ட்டின் பகடையை உருட்டினான். "அவுத்தாச்சுங்கண்ணா. ஆனா அவன் போகமாட்டேங்கறான்."

"என்ன வேண்டுமாம்?"

"உங்க பேரைக் கேக்கறான்."

என் தாளை நான் வைத்துக்கொண்டேன். அறநிலைக் கட்டத்தில் அவர் அழித்த தடம் மங்கலாகத் தெரிகிறது. அக்கட்டத்தை இனிக் கிழித்தெறியச் சொல்லமாட்டேன். அவ்வழக்கில் சுகந்தி வென்றுவிட்டார். நிரப்பலாமா என்று கரிக்கோலை ஒருமுறை எடுத்தேன். அது என் வேலையன்று என்று நினைவு வந்தது. கரிக்கோலை அவர் நாற்காலிக்கு முன்னே வைத்துவிட்டு வந்தேன்.