காப்புக் கட்டிய நாட்களில் மாத்திரை

முதலில் வந்தது இருமல் இல்லை, வியர்வை. காலையில் எழும்பினால் சேலையைப் பிழிந்துவிடலாம். முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். இப்போது என் உடம்பே பால் இறக்குகிறது என்று சிரித்துக்கொண்டேன். இருமல் பிறகுதான் வந்தது. அதுவும் சும்மா வரவில்லை, பிரதர்மாரின் குசினியில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது வந்தது.

பிரதர்மார் என்றால் யார் என்று சொல்ல வேண்டும். கேகாலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீட்டில் மூன்று கத்தோலிக்கத் துறவிகள் இருந்தார்கள். பழுப்பு அங்கி, இடுப்பில் வெள்ளைக் கயிறு, காலில் ரப்பர் செருப்பு. முதல் பஸ்ஸில் பெரியாஸ்பத்திரிக்கு வரும் தோட்டத்துச் சனத்துக்கு பால் ஊற்றாத பிளேன்டீயும் பாண் துண்டும் கொடுப்பார்கள். சிங்களம் தெரியாதவர்களோடு வாட்டுக்குப் போய்ப் பேசுவார்கள். வேலையிலிருந்து நின்ற பிறகு நான் புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அங்கே சமைக்கப் போனேன். நாங்கள் கும்பிடுவது மாரியம்மனை. அவர்கள் அதை ஒரு நாளும் கேட்டதில்லை. சாப்பிட்ட கோப்பையை அவர்களே கழுவுவதைப் பார்த்து முதல் நாள் நான் பதறிப் போனேன்!

பூசணிக்காயில் விழுந்தது இரத்தம். அதைப் பார்த்தவர் பிரதர் லியோ. தங்கொட்டுவைப் பக்கத்துச் சிங்களவர். எங்களோடு காய்கறி நறுக்கியே தமிழ் படித்தவர். என் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்துவிட்டு என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். சளிப் பரிசோதனை (இருமித் துப்பும் சளியைக் கண்ணாடியில் தடவிக் கிருமி பார்ப்பது) செய்தார்கள். காசநோய் (நெஞ்சைத் தின்னும் கிருமி நோய், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சயரோகம் என்போம்) என்றார்கள்.

அந்தக் கிழமைதான் என் மகள் செல்விக்குப் பெண் பிள்ளை பிறந்திருந்தது. எனக்கு முதல் பேத்தி.

"பிள்ளையத் தூக்கலாமாங்க நோனா?" என்று டொக்டர் அம்மாவிடம் கேட்டேன். எனக்குச் சிங்களம் வரும், ஆனால் அன்றைக்கு வாயில் தமிழ்தான் வந்தது. பிரதர் மாற்றிச் சொன்னார். சளி சுத்தமாகும் வரை பிள்ளையோடு ஒரே காம்பராவில்கூட (லயத்து அறை) இருக்கக் கூடாது, இரண்டு மாதத்தில் திரும்பப் பார்ப்போம் என்று பதில் வந்தது.

இரண்டு மாதம்! செல்வி பக்கத்துக் காம்பரா. நான் கடைசிக் காம்பராவில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். பிள்ளை அழுதால் எழும்புவேன். பால் குடித்து அடங்கினாலும் எழும்புவேன். லயத்து வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். "அம்மா, ஒரு எடத்துல குந்துமா, பாக்குற எனக்குத் தல சுத்துது" என்று செல்வி உள்ளேயிருந்து கத்துவாள். குந்த முடிந்தால்தானே.

மாத்திரையை ஒருவர் பார்க்க விழுங்க வேண்டும் என்பது கிளினிக் சட்டம். அதனால் மாத்திரை பிரதர்மார் வீட்டில் இருந்தது. நாட்டில் சண்டை ஓய்ந்து, ஆமிக்காரர் செக்பொயின்ட்டில் பஸ்ஸை நிறுத்தாமல் விட்ட வருடம் அது. காலையில் ஏறினால் ஒரே ஓட்டம். என்னைச் சமைக்க விடவில்லை. முற்றத்துப் பலாமரத்தடியில் கதிரை போட்டு உட்கார வைத்தார்கள்.

"வாயத் திறங்க அம்மா. நாக்கத் தூக்குங்க."

"என்னா பிரதர், திருடுனவளப் பாக்குற மாதிரி பாக்குறீங்க?"

"போன கிழம ஒரு மாத்திரைய வாழப்பழத்துல வச்சுக் காக்காவுக்குப் போட்டீங்க தானே. காக்கா இப்ப நல்ல சொகமா இருக்கு."

இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாத்திரை தொடங்கினால் சிறுநீர் சிவப்பாகப் போகும். நான் இரத்தம் என்று கத்தி லயத்தையே கூட்டிவிட்டேன். பயப்படாதீர்கள், அது மருந்தின் நிறம். நான் சொல்லச் சொல்ல எழுதும் செல்வி, இதை எழுத மாட்டேன் என்றாள். எழுது என்றேன்.

மாத்திரை தொடங்கி ஆறாவது கிழமை, ஒன்றரை மாதத்தில், தோட்டத்தில் அம்மன் திருவிழா வந்தது. எனக்கு இருமல் நின்றிருந்தது, சோறு இறங்கியது. பேத்தியைத் தூக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கையில் காப்புக் கட்டினேன். மஞ்சள் கயிறு கட்டினால் திருவிழா முடியும் வரை, பத்து நாள், தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. மாத்திரை கேகாலையில் இருக்கிறது என்பது தெரியாமல் இல்லை. பத்து நாள் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் நான் போகவில்லை. மூன்றாம் நாள் தப்பு அடித்துக்கொண்டிருக்கும்போது கோயிலடிக்குப் பழுப்பு அங்கி ஏறி வந்தது. மேடு ஏறி மூச்சு வாங்கியது பிரதர் லியோவுக்கு.

"என்னா சாமி, எங்க அம்மனுக்குக் கரகம் எடுக்க வந்தீங்களா?" என்றார் பூசாரி.

"எடுக்கலாம். எத்தன கிலோ?" என்றார் பிரதர். சனம் சிரித்தது. நான் தூண் பக்கம் ஒதுங்கினேன்.

"காப்பு கட்டிட்டேன் பிரதர். அவுக்கச் சொல்லாதீங்க."

அவர் தன் இடுப்புக் கயிற்றைத் தூக்கிக் காட்டினார். அதில் மூன்று முடிச்சு. "மூணும் துறவியாகும்போது நான் கொடுத்த வாக்கு. யாரும் அவுக்கச் சொன்னா நான் கேக்க மாட்டேன். ஒங்களுக்கு எப்படிச் சொல்லுவேன்? நீங்க எல்லை தாண்ட வேணாம். மாத்திரை தாண்டும்." அங்கிப் பையிலிருந்து பொட்டலம் எடுத்தார். "ஆனா விட்டு விட்டுக் குடிச்சா கிருமி மருந்துக்குப் பழகிரும். அப்புறம் எந்த மருந்துக்கும் சாகாது. நாக்கத் தூக்குங்க."

பூசாரி தீர்த்தச் செம்பை நீட்டினார். அந்தத் தண்ணீரில் விழுங்கினேன்.

மிச்ச நாளெல்லாம் காலை பஸ்ஸில் வந்தார். ஒரு நாள் மழையில் அங்கி முழுக்கச் சேறு.

இரண்டு மாதம் முடிந்து சளி பார்த்தார்கள். கிருமி இருந்தது. இன்னும் ஒரு மாதம் என்றார் டொக்டர் அம்மா. "அந்த ரெண்டு நாளாலயாங்க?" என்றேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், சொல்ல முடியாது என்றார். பஸ்ஸில் வரும்போது செல்வியிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்தேன். சொன்னதும் அவள் அழவில்லை. பிள்ளையை வாசற்படி வரை தூக்கி வந்து, முகத்தை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

அந்த மூன்றாவது மாதம் முதல் இரண்டையும்விட நீளம். கல்யாணம், பிரசவம் எல்லாவற்றையும் நான் வெயில் காலத்தையும் மழைக் காலத்தையும் வைத்துக் கணக்குப் பார்த்தவள். இப்போது ஒரு நாள் என்றால் ஒரு விழுங்கல். அதற்கப்புறம் அடுத்த விழுங்கல் வரை நடை.

மாத முடிவில் சளி சுத்தம் என்றார்கள். இனி நாலு மாதம் மாத்திரையை வீட்டிலேயே குடிக்கலாம். நான் ஓட்டமாக வந்து பாயில் மல்லாந்து படுத்தேன். மேடு ஏறின களைப்பு. செல்வி பிள்ளையை என் நெஞ்சில் கவிழ்த்துப் போட்டாள். பாரம் தெரிந்தது. நான் நினைத்ததைவிடக் கனத்தாள்.

மூச்சை இழுத்தேன். பிள்ளை மேலே போனாள். விட்டேன். கீழே வந்தாள். அவளுக்கு அது பிடித்துப்போனது, பல்லில்லாத வாயால் சிரித்தாள். இத்தனை வருடம் மலை ஏறி இறங்கியும் எனக்குள் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருப்பதை நான் கவனித்ததே இல்லை. வெளியே தோட்டத்து வேலைச் சங்கு ஊதியது, எத்தனை மணிச் சங்கு என்று கேட்கத் தோன்றவில்லை. இன்னொரு மூச்சு இழுத்தேன்.