மூன்று மில்லிமீட்டர் மேதை

எவால்ட் ரீடல் முதலில் முகர்ந்து பார்ப்பார். கிட்டாரின் எஃப் வடிவத் துளையில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, ஒரு முழு மூச்சு. "ஐம்பத்து மூணு. ஈரமான வருஷம்" என்பார். பிறகுதான் பல் வைத்தியரின் குச்சிக் கண்ணாடியை உள்ளே விட்டு, மரத்தில் குறித்திருக்கும் வருஷம் ஐம்பத்து மூன்றுதானா என்று சரிபார்ப்பார். பல சமயம் இராது. அதற்கு மரத்தைத்தான் கோபித்துக்கொள்வார்.

இசைக்கருவி செய்வதற்குப் பேர்போன மார்க்நொய்கிர்ஷென் ஊரில், வயிறு உப்பிய பழைய ஜாஸ் கிட்டார்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதும் ஒரே மனிதர் அவர். சுலபமான வேலையில்லை. அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் கழுத்து செய்தார்கள், அடுத்த வீட்டில் முதுகு, தெருக்கோடியில் துளைகள் உள்ள மேல்பலகை. விற்றவர் தன் பெயரை ஒட்டிக்கொண்டார். ஆக, ஒரு கிட்டாருக்கு நாலு தகப்பன். நாலு பேரும் தலைமறைவு. ரீடல் நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். வயல் போனாலும் அளக்கிற கை போகவில்லை.

"எங்க கல்யாணத் தேதியைக் கேளுங்க, முழிப்பாரு" என்பாள் மனைவி கெர்லிண்ட். "எவனோ அடிச்ச ஆணியைக் கேளுங்க, கிழமையோட சொல்லுவாரு."

அவருடைய பதிவேட்டின் மகுடம் பதினோரு கிட்டார்கள். பதினொன்றிலும் இடது துளை வலதைவிட மூன்று மில்லிமீட்டர் கீழே. தாழ்ந்த சுரங்கள் தாராளமாக மூச்சுவிட யாரோ ஒரு மேதை கண்ட ரகசியம் இது என்று பத்தொன்பது வருடம் யோசித்து முடிவு கட்டியிருந்தார். அதே கைவேலை, ஆனால் துளைகள் நேர் என்றிருந்த ஆறு கிட்டார்களைப் போலி என்று தள்ளிவிட்டார். அரைத்தூக்கத்தில் மேதை அவருக்குத் தரிசனம் தருவதுண்டு: வெள்ளைத் தாடி, ஜன்னலில் பனி, தாடியில் மரத்தூள். சனிக்கிழமை அருங்காட்சியகத்தில் மேதையைப் பற்றி அவர் உரை. அழைப்பிதழ் ரொட்டிக்கடைவரை ஒட்டியாயிற்று.

அதைப் படித்துவிட்டுத்தான் வியாழக்கிழமை அவர் வீட்டுக்கு வந்தாள் ரோஸ்விதா. வயது எண்பத்து நாலு.

"என்னங்க ரீடல், அந்த மேல்பலகையெல்லாம் என் அடுக்களை மேசையில நான் அறுத்தது."

"அந்த மூணு மில்லிமீட்டர்?"

"இடது மடியில என் பையன் உட்கார்ந்திருப்பான். அவனைச் சுத்திக் கை நீட்டித் துளைக்குக் கோடு போட்டா இடப்பக்கம் இறங்காம என்ன செய்யும்? முதலாளிகிட்ட எவ்வளவு திட்டு வாங்கினேன் தெரியுமா!"

"நேரா இருக்கிற ஆறு?"

"அதுக்குள்ள அவன் நடக்க ஆரம்பிச்சுட்டான்."

கெர்லிண்டுக்குக் காபி புரையேறியது. "அப்ப அந்தத் தாடி யாருதுங்க?"

ரீடல் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் சனிக்கிழமை பிழைக்கும். கிழவி சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? இந்த நினைப்பையும் அரை நிமிடம் நேர்மையாக நினைத்துப் பார்த்தார். பிறகு ஆறு இடத்தில் 'போலி' என்பதை அடித்தார். பதினேழு இடத்தில் ரோஸ்விதா என்று எழுதினார்.

"ஆனா சான்று வேணுமே அம்மா. பையன் என்ன எடை?"

"ஒம்பது கிலோ இருப்பான்."

அவர் உள்ளே போய் ஒன்பது கிலோ உருளைக்கிழங்கை நிறுத்து, துண்டில் மூட்டையாகக் கட்டி, அவளுடைய இடது மடியில் வைத்தார். முன்னால் காகிதம், பென்சில்.

"உங்களுக்கு முத்திப்போச்சு" என்று சிரித்தபடி அவள் குனிந்தாள். மூட்டையைச் சுற்றிக் கை நீண்டது. கோடு மெல்ல இறங்கியது. அவளறியாமல் இடது முழங்கால், பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல், ஆட ஆரம்பித்தது.

அடுக்களையில் வானொலி ஊதுகுழல் கச்சேரியை அலறிக்கொண்டிருந்தது. ரீடல் நுனிக்காலில் நடந்துபோய் அதை அணைத்தார்.