திருத்தங்கலில் நான்கு கதவு வைத்த அணுமின் பட்டறை

அணுமின் திட்டங்களுக்கு அரசு நிதியும் வரிச்சலுகையும் தருவதைப் பற்றி போன மாதம் இங்கே காட்டமாக எழுதியிருந்தேன். நம் வரிப்பணம் பெரிய கம்பெனிகளின் பைக்குள் போகிறது என்பது என் கட்சி. அதைப் படித்துவிட்டு, திருத்தங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கும் கல்லூரித் தோழன் கணேசன் போன் செய்தான். "ஏலே, அந்தப் பணத்துல கொஞ்சம் எனக்கும் வரப்போகுது. சனிக்கிழமை ஆபீசர் பாக்க வாராரு. நீயும் வந்து பாத்துட்டு எழுதுலே." ரோஷத்தோடு கிளம்பினேன்.

மதுரையில் காலை ஆறரை மணிக்குப் பஸ். விருதுநகரில் இறங்கி, சிவகாசி போகும் பஸ் பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் திருத்தங்கல். நிறுத்தத்திலிருந்து பட்டறைக்கு ஆட்டோ அறுபது ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை. "நாலு கதவு வச்ச பட்டறைதானே? ஏறுங்க அண்ணாச்சி" என்றார் ஓட்டுநர்.

நிஜமாகவே நான்கு கதவுகள். சுவருக்கு ஒன்று, எல்லாம் வெளிப்பக்கம் திறப்பவை. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு செம்புத் தகடு. எல்லாம் கணேசனின் மனைவி பேச்சியம்மாளின் ஏற்பாடு. அவர் தாயில்பட்டி பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கிறவர். அங்கே உடம்பில் ஏறிய நிலைமின்சாரம் பொறி தட்டாமல் இறங்குவதற்காகத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் அறைக்குள் போவார்கள். தப்பித்து ஓட எல்லாப் பக்கமும் கதவு இருக்கும். பட்டாசுக்கே அப்படியென்றால் அணுவுக்கு? பட்டறையையும் அப்படியே கட்டவைத்துவிட்டார்.

கணேசன் செய்யப்போவதோ அணுமின் நிலைய வால்வுகளுக்கான வெறும் எஃகு வளையங்கள். அரசு உதவியில் புது மிஷின் வரும், வரியிலும் சலுகை உண்டு. ஆர்டர் கிடைத்தால் பேச்சியம்மாள் பட்டாசு வேலையை விட்டுவிடலாம். நிபந்தனை ஒன்றுதான்: அறைக்குள் தூசி வரக்கூடாது.

"மூணு கதவை அடைச்சிருங்கம்மா" என்றார் நிதி கொடுக்குமுன் பட்டறையைப் பார்க்க வந்த ஆபீசர். "இது வெடிக்காது."

"மருந்தையும் அப்படித்தான் சார் சொன்னாக" என்றார் பேச்சியம்மாள். "எந்தங்கச்சி இருந்த ரூம்புல மத்த கதவை மறைச்சு லோடு பெட்டிய அடுக்கியிருந்தாக. அவ வெளிய வரல."

கணேசன் தலையைக் குனிந்துகொண்டான். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். ஆபீசர் கொஞ்ச நேரம் கதவுகளையே சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு, "நாலும் இருக்கட்டும். தூசி வராம ஓரத்துல ரப்பர் பட்டை அடிங்க, உள்ள இருந்து தள்ளுனா திறக்கணும். அந்தச் செலவையும் நிதியில சேர்க்கச் சொல்லி எழுதுறேன்" என்றார்.

பேச்சியம்மாள் நான்கு கதவுகளையும் சாத்தினார். கடைசிக் கதவை உள்ளேயிருந்து ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார். திறந்தது. மறுபடி சாத்திவிட்டு, "திங்கக்கிழமை தாயில்பட்டிக்குப் போயி, இனி வரலன்னு சொல்லிட்டு வந்திருதேன்" என்றார்.

பெரிய கம்பெனிகள் வாங்கும் சலுகைக்குக் கணக்குக் கேட்பதை நான் விடப்போவதில்லை. ஆனால் என் வரியில் கொஞ்சம் அந்த ரப்பர் பட்டையில் இருக்கிறது என்றால் சந்தோஷம்தான்.

போகிறவர்களுக்கு: விருதுநகர் எண்ணெய் பரோட்டாவை, திரும்பும்போது மாலையில் சாப்பிடுங்கள். பட்டாசு ஆலைகளுக்குள் வேடிக்கை பார்க்க நுழையாதீர்கள். கணேசன் பட்டறைக்குப் போனால் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போங்கள். அங்கே அதற்குத் தேவையே இல்லை. ஆனாலும் ஆபீசர் தொட்டார், நானும் தொட்டேன்.